ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அன்று என்ன ஆனது, இன்று என்ன ஆகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேத் லேப்பில், அதாவது ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு இதய அடைப்பை எடுக்கும் அறையில், டெக்னீஷியனாக நான் வேலைக்குச் சேர்ந்தது 1998-ல். ஈய ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் போதும், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்பார்கள். அப்படிப் பல வருடங்களாகக் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு, அவசரம் இல்லாமல் பதில் சொல்லும் முயற்சி இது. நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

முன்பைவிட இப்போது ஸ்டென்ட் வைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஆனால் "நன்றாக" என்பதை எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலை) வைத்த இடம் மறுபடி அடைத்துக்கொள்வது ஒன்று. ஸ்டென்டுக்குள் திடீரென ரத்தம் உறைந்து மாரடைப்பு வருவது இன்னொன்று. ஆள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் கடந்த 40 ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவதில் ஸ்டென்டின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. மாத்திரை, நேரம், சர்க்கரை, சிகரெட் ஆகியவற்றின் பங்கு அதிகம். கீழே உள்ள பல கேள்விகளில் குழப்பம் வருவது, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கேட்பதால்தான்.

ஸ்டென்ட் வருவதற்கு முன் அடைப்பை எப்படி எடுத்தார்கள்?

வெறும் பலூன். ஜெர்மனியில் பிறந்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், தன் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) செய்து பார்த்தவர். 1977 செப்டம்பர் 16-ம் தேதி ஜூரிச்சில், 38 வயதுக்காரர் ஒருவரின் இதயத் தமனிக்குள் அதை விரித்தார். விழித்திருக்கும் மனிதரின் இதயத் தமனியில் பலூன் விரிந்தது அதுதான் முதல் தடவை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. அதைப் பார்க்க குருன்ட்சிக் இல்லை. 1985-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் அவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய மேத்யூ சாமுவேல் களரிக்கல்தான் பின்னால் சென்னையில் இருந்துகொண்டு இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டி என்ற இந்தப் பலூன் சிகிச்சையை வளர்த்தெடுத்தவர்; 2000-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அந்த முதல் நோயாளியின் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பலூனை எடுத்ததும் சிலருக்குக் குழாயின் உள்சுவர் கிழிந்து மடிந்து அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் பைபாஸ் குழு தயாராக நிற்க வேண்டியிருந்தது. தப்பித்தவர்களிலும் 100-ல் 30 முதல் 40 பேருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது.

எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு கிளீவ்லாண்ட் கிளினிக்கின் கணக்கு ஒன்று போதும். பலூன் சிகிச்சையில் ஏதோ கோளாறாகி அவசர பைபாஸுக்கு ஓட வேண்டி வந்தவர்கள் 1992-ல் 1.5 சதவீதம். 2000-ல் 0.14 சதவீதம்.

ஸ்டென்ட் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை, இன்னொரு பிரச்சினை வந்தது. 1986-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் புவெல், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் சிக்வார்ட் ஆகியோர் முதல் ஸ்டென்ட்களை வைத்தார்கள். கிழிந்த சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்தும் கம்பி வலை அது. கிழிந்து அடைப்பது நின்றது. ஆனால் ரத்தத்துக்கு அந்த உலோகம் அந்நியப் பொருள், அதன்மேல் உறைந்துகொண்டது. 1991-ல் வெளியான ஒரு முடிவில், முதல் தலைமுறை ஸ்டென்ட் வைத்த 105 பேரில் 25 பேருக்கு ஸ்டென்ட் முழுவதுமாக அடைத்துப் போயிருந்தது. இன்று அப்படி ஒரு கணக்கு வந்தால் அந்த ஸ்டென்டைக் கடையில் பார்க்க முடியாது.

உறையாமல் இருக்க ஆஸ்பிரின், ஹெபாரின், வார்ஃபரின் என்று அள்ளிக் கொடுத்தார்கள். விளைவு, ரத்தக்கசிவு. 1994-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் வெறும் பலூனைவிட ஸ்டென்ட் மேல் என்று நிரூபித்தன. அவற்றில் ஐரோப்பிய ஆய்வில் ஆறு மாதத்தில் குழாய் மறுபடி சுருங்கியது பலூனில் 32 சதவீதம், ஸ்டென்டில் 22 சதவீதம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 13.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு அல்லது ரத்தக்குழாய்ச் சிக்கல், சராசரியாக 8.5 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது இத்தாலியின் அன்டோனியோ கொலம்போ. குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்தவர், கோளாறு ரத்தத்தில் மட்டும் இல்லை, ஸ்டென்ட் சரியாக விரியவே இல்லை என்று கண்டுகொண்டார். அதிக அழுத்தத்தில் பலூனை ஊதி ஸ்டென்டைச் சுவரோடு ஒட்ட வைத்தால் வார்ஃபரினே வேண்டாம் என்று 1995-ல் காட்டினார். பிறகு 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கை முடித்தது: 30 நாளுக்குள் கெட்டது நடந்தவர்கள் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 3.6 சதவீதம், ஆஸ்பிரினும் வார்ஃபரினும் சாப்பிட்டவர்களில் 2.7, ஆஸ்பிரினும் டிக்லோபிடினும் சாப்பிட்டவர்களில் 0.5. இன்று உங்கள் மாத்திரைப் பெட்டியில் இருக்கும் க்ளோபிடோக்ரெல், அந்த டிக்லோபிடினின் தம்பி.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடமும் அதுதான். எங்கள் லேப்பில் என் வேலைகளில் ஒன்று பலூனின் அழுத்தமானியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது: "பத்து... பன்னிரண்டு... பதினான்கு... பதினாறு." திரையில் பலூனின் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு சுருக்கம் தெரியும். பதினாறில் அது சட்டென்று மறையும். சீனியர் டாக்டர் அதுவரை மூச்சே விடமாட்டார்.

மருந்து பூசிய ஸ்டென்டில் அப்படி என்ன மருந்து?

ஸ்டென்ட் என்பது குழாய்க்குக் காயம். காயம் ஆறும்போது தழும்பு வளர்கிற மாதிரி ஸ்டென்டுக்குள்ளும் சதை வளரும். அதிகமாக வளர்ந்தால் மறுபடி அடைப்பு. அந்த வளர்ச்சியை நிறுத்தும் மருந்தைக் கம்பியிலேயே பூசி, சில வாரங்களில் மெல்ல மெல்லக் கசிய விடுகிறார்கள்.

முதலில் வெற்றிபெற்ற மருந்து சிரோலிமஸ். பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ராப்பா நுயி தீவில் 1964-ல் அள்ளிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. அதனால்தான் அதற்கு ராப்பாமைசின் என்ற பெயரும் உண்டு. அதைப் பிரித்தெடுத்து, கம்பெனி கைவிட்ட பிறகும் விடாமல் காப்பாற்றியவர் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குப் பயன்பட்ட அந்த மருந்தைப் பூசிய ஸ்டென்டை 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எட்வர்டோ சவுசா முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்.

2002-ல் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்வில் 238 பேர். சாதாரண ஸ்டென்டில் 26.6 சதவீதம் பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கியது. மருந்து ஸ்டென்டில் ஒருவருக்குக்கூட இல்லை. பூஜ்யம். மருத்துவ ஆய்வில் பூஜ்யத்தைப் பார்ப்பது அபூர்வம். அதைப் பார்த்து உலகமே கொஞ்சம் தலைகால் புரியாமல் ஆடியது உண்மை.

2006-ல் மருந்து ஸ்டென்ட் ஆபத்து என்று செய்தி வந்ததே?

வந்தது. அந்த செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில், மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் திடீரென ரத்தம் உறைகிறது என்ற கணக்குகளை எடுத்து வைத்தார்கள். காரணம் அதே மருந்துதான். தழும்பு வளரவிடாமல் தடுத்தது, கம்பியின் மேல் இயல்பாகப் படர வேண்டிய உள்தோலையும் வளரவிடவில்லை. மூடாத கம்பி ரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தது. பெர்ன், ராட்டர்டாம் மருத்துவமனைகளின் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்குப்படி, வருடத்துக்கு 0.6 சதவீதம் பேருக்கு இப்படி நடந்தது. சிறிய எண்தான். ஆனால் நடந்தால் மாரடைப்பு. அதில் பலர் இறந்துபோவார்கள்.

இன்னொரு சுவையான விஷயம் ஸ்வீடனில் நடந்தது. அங்கே ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொருவரும் தேசியப் பதிவேட்டில் ஏறிவிடுவார்கள். 2007-ல் அந்தப் பதிவேடு, மருந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்றது. 2009-ல் அதே பதிவேடு, கூடுதல் ஆட்களையும் கூடுதல் வருடங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இறப்பில் வித்தியாசம் இல்லை என்றது. புது ஸ்டென்ட் எதையும் ஒரே வருடக் கணக்கை வைத்து எடை போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கப்பாவுக்கு 2004-ல் வைத்தது அந்தப் பழைய மருந்து ஸ்டென்ட். இப்போது பயப்பட வேண்டுமா? எடுத்துவிட முடியுமா?

எடுக்க முடியாது, எடுக்கத் தேவையும் இல்லை. 20 வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அது குழாய்ச் சுவரின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கும். ஆஸ்பிரினை மட்டும் யார் சொன்னாலும், உங்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பல் பிடுங்க, கண்புரை எடுக்க என்று போகும் இடங்களில் "அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்பார்கள். ஒருவர் அப்படிப் பல் பிடுங்குவதற்காக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு, நான்காம் நாள் விடியற்காலையில் எங்கள் மேசைக்கு வந்தார். ஸ்டென்ட் வைத்து மூன்றே மாதம். கன்னத்தில் பஞ்சு அப்படியே இருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் முன்சுவர் பாதி போய்விட்டது.

இப்போது வைக்கும் ஸ்டென்ட் எந்த விதத்தில் மேல்?

கம்பி மெலிந்துவிட்டது. முதல் சிரோலிமஸ் ஸ்டென்டின் கம்பி 140 மைக்ரான். 2008 வாக்கில் வந்த, எவரோலிமஸ் என்ற மருந்து பூசிய ஸ்டென்டில் 81 மைக்ரான்; துருப்பிடிக்காத எஃகு போய் கோபால்ட்-குரோமியம் வந்தது. இன்று 60 மைக்ரான் கம்பிகளும் உண்டு, அவற்றில் சூரத்தில் செய்வதும் ஒன்று. மெல்லிய கம்பியை உள்தோல் சீக்கிரம் மூடிவிடும். மருந்தைப் பிடித்து வைக்கும் பூச்சும் ரத்தத்தோடு ஒத்துப்போகிற மாதிரி மாறியது.

இந்தியாவிலேயே செய்த ஆய்வு ஒன்று: சர்க்கரை நோயாளிகள் 1,830 பேர், 2015-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் ஸ்டென்ட் வைத்த குழாயால் கெட்டது நடந்தவர்கள் பாக்லிடாக்சல் என்ற மருந்து பூசிய பழைய ஸ்டென்டில் 5.6 சதவீதம், எவரோலிமஸில் 2.9 சதவீதம். ரத்தம் உறைந்தது 2.1-க்கு எதிராக 0.4.

நார்வேயில் 9,013 பேரை வைத்துச் செய்த ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது. புது மருந்து ஸ்டென்ட், புது சாதாரண ஸ்டென்ட் இரண்டையும் ஆறு வருடம் ஒப்பிட்டார்கள். மறுபடி அடைப்பு எடுக்க வேண்டி வந்தவர்கள் 16.5 சதவீதம், 19.8 சதவீதம். மருந்து ஸ்டென்டுக்கே ஜெயம். இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள்? 16.6, 17.1. வித்தியாசமே இல்லை. மேலே சொன்ன மூன்று அளவுகோல்கள் ஞாபகம் இருக்கிறதா? அவை ஒன்றாக நகர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

முதல் வருடம் தாண்டியபின், எந்த வகை ஸ்டென்டாக இருந்தாலும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் சார்ந்த ஏதோ ஒரு சிக்கல் வந்துகொண்டேதான் இருக்கிறது. இதை இன்னும் யாரும் பூஜ்யம் ஆக்கவில்லை.

கரைந்துபோகும் ஸ்டென்ட் என்று சொன்னார்களே?

யோசனை அழகானது. குழாய் ஆறியபின் முட்டு எதற்கு? அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்த அந்த ஸ்டென்ட், 2017-ல் விற்பனையிலிருந்தே போனது. கரையும் பிளாஸ்டிக்கில் வலு வேண்டுமென்றால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும்; தடிமன் என்றால் பழைய தொல்லை, ரத்தம் உறைதல். இப்போது வேறு வடிவங்களில் முயல்கிறார்கள்.

மாரடைப்பு வரவில்லை, டெஸ்டில் அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா?

அதிகம் பேர் கேட்பதும் இந்தக் கேள்விதான், பதிலைக் கேட்டு அதிகம் பேர் முகம் சுருங்குவதும் இதற்குத்தான். கூடும் என்பதற்குப் பெரிய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

2007-ல் வந்த ஆய்வில் 2,287 பேர். ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைகள் மட்டும், இன்னொரு பாதிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். சுமார் நாலரை வருடத்தில் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 19.0 சதவீதம், மாத்திரை பக்கம் 18.5. "அது பழைய ஸ்டென்ட், லேசான நோயாளிகள்" என்று வாதம் வந்தது. சரி என்று இந்தியா உட்பட 37 நாடுகளில், டிரெட்மில் போன்ற சோதனைகளில் கணிசமாகக் கோளாறு தெரிந்த 5,179 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. 2020-ல் வெளியானது. சோதனை முடிந்ததும் ஆஞ்சியோ (சாயம் விட்டுக் குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே படம்) எடுத்து ஸ்டென்டோ பைபாஸோ செய்த குழுவில் 145 பேர் இறந்தார்கள். மாத்திரையில் தொடங்கிய குழுவில் 144.

எப்படி? குழாயில் 80 சதவீதம் அடைத்து நிற்கும் பழைய, கெட்டியான அடைப்பு, நாம் நடக்கும்போது நெஞ்சுவலி தரும். மாரடைப்பு தருவது பெரும்பாலும் அதுவல்ல. 40, 50 சதவீதத்தில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருவது அது. ஸ்டென்ட் ஓர் அங்குலத்தைக் காப்பாற்றும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மூன்று குழாய்களையும் முழு நீளத்துக்குக் காப்பாற்றும்.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? வீணில்லை. வலிக்கு அது நல்ல வைத்தியம். பிரிட்டனில் ஒரு குழு பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தது, மீதிப் பேருக்கு வைத்ததாகப் பாவனை மட்டும் செய்தது. காதில் ஹெட்போன் மாட்டி மயக்கத்தில் வைத்ததால் யாருக்கு எது என்று நோயாளிக்கே தெரியாது. நிறைய மாத்திரை கொடுத்த பிறகு செய்த முதல் சுற்றில், 2017-ல், ஸ்டென்டால் நடக்கும் நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை. வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் செய்த இரண்டாம் சுற்றில், 2023-ல், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, மாத்திரையிலும் அடங்கவில்லை என்றால் ஸ்டென்ட் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "அறிக்கையில் 80 சதவீதம் என்று போட்டிருக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை" என்பதற்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இடது பிரதான குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்ப் சக்தி குறைவு போன்றவை வேறு கதை; அங்கே டாக்டர் அவசரப்படுவார், படவும் வேண்டும்.

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது?

அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது. அதில் இருவேறு கருத்தே இல்லை. வலி வந்த ஒன்றிரண்டு மணிக்குள் குழாயைத் திறந்தால் இதயத் தசை பிழைக்கும். மாரடைப்புக்குக் காரணமான குழாயைத் திறந்தபின் மற்ற பெரிய அடைப்புகளையும் சில வாரங்களுக்குள் எடுப்பது நல்லது என்று 4,041 பேரை வைத்துச் செய்த 2019 ஆய்வு சொன்னது.

ஆனால் இங்கேயும் கணக்கு விசித்திரமாக நடந்துகொண்டது. அமெரிக்க மருத்துவமனைகள் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்ததிலிருந்து பலூன் விரிக்கும்வரை ஆகும் நேரத்தை 2005-06-ல் 83 நிமிடத்திலிருந்து 2008-09-ல் 67 நிமிடமாகக் குறைத்தன. மருத்துவமனையில் இறந்தவர்கள் 4.8 சதவீதத்திலிருந்து 4.7. அவ்வளவுதான். கொட்டாவி வரும் வித்தியாசம். காரணம் தேடியவர்கள் கண்டது: வேகமாகச் சிகிச்சை கிடைத்த ஒவ்வொருவருக்கும் பலன் இருந்தது, ஆனால் முன்பு கேத் லேப் மேசைக்கே வராத வயதானவர்களும் மோசமான நிலையில் இருப்பவர்களும் இப்போது வர ஆரம்பித்தார்கள். நல்லவிதமாக விரிவடையும் எந்தச் சிகிச்சையும் முதலில் தன் சராசரியையே கெடுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் பிரச்சினை ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே இல்லை, வெளியே. 2008-ல் வெளியான இந்திய அளவிலான பதிவேட்டில் 20,468 பேர். பெரிய மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பத்திரி சேர எடுத்துக்கொண்ட நேரம், நடுவில் நிற்கும் ஆளின் கணக்குப்படி, 300 நிமிடம். ஐந்து மணி நேரம். "கேஸ் தொல்லை, சோடா குடி" என்ற ஐந்து மணி நேரம் அது. அவர்களில் பலூன் சிகிச்சை பெற்றவர்கள் 8 சதவீதம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றிலும் உள்ள சிறிய மருத்துவமனைகளை அதோடு கோத்து, 108 ஆம்புலன்ஸ், அரசுக் காப்பீடு இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். சிறிய ஆஸ்பத்திரியிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, 24 மணிக்குள் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ. 2,420 பேரின் கணக்கு 2017-ல் வந்தது: 24 மணிக்குள் ஆஞ்சியோ செய்தது 35 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 61-க்கு ஏறியது; ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6-லிருந்து 14.2-க்கு இறங்கினார்கள். இதில் புது ஸ்டென்ட் எதுவும் கிடையாது. போன், ஆம்புலன்ஸ், ஊசி. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவதும் இதன் தொடர்ச்சிதான்.

தொடையில் போட்டார்கள், இப்போது கையில் போடுகிறார்கள். எது நல்லது?

கை. நான் சேர்ந்த புதிதில் தொடையில் இருந்த குழாயை எடுத்துவிட்டு, 20 நிமிடம் என் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை மரத்துப்போகும், விட்டால் பீறிடும். பிறகு மணல் மூட்டை, ராத்திரி முழுக்கக் காலை மடக்காமல் படுக்கை. முதுகுவலியில் புலம்புவார்கள். இப்போது மணிக்கட்டில் காற்றடைத்த ஒரு பட்டை. ஒரு மணி நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனை தொடங்கிவைத்த முறை இது. சௌகரியம் மட்டுமில்லை, மாரடைப்பு நோயாளிகளில் ரத்தக்கசிவும் அதனால் வரும் இறப்பும் குறைகின்றன.

இரண்டு மாத்திரை எத்தனை மாதம்?

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரண்டு மாத்திரைகளைத்தான் கேட்கிறார்கள். 2006 பீதிக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு வருடம் என்று ஆனது. இப்போது ஆளைப் பார்த்து மாறுகிறது: மாரடைப்பில் வைத்தவருக்குப் பொதுவாக ஒரு வருடம், மாரடைப்பு இல்லாமல் வைத்தவருக்கு ஆறு மாதம், ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ள முதியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதம்கூடப் போதும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாதத்தில் ஒன்றை நிறுத்தினால் மாரடைப்பு கூடவில்லை, கசிவு குறைந்தது என்று 2021-ல் காட்டினார்கள். எந்தப் பிரிவில் நீங்கள் வருகிறீர்கள் என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

சர்க்கரை இருக்கிறது, மூன்று குழாயிலும் அடைப்பு. ஸ்டென்டா, பைபாஸா?

பைபாஸ், உடம்பு தாங்குமென்றால். 2012-ல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்ட 1,900 பேர். ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. ஸ்டென்ட் அதற்குப் பின் மேம்பட்டிருந்தாலும் பரிந்துரை மாறவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கடைசியில் எதனால் இறக்கிறார்கள்?

இதை யாரும் வராந்தாவில் கேட்டதில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 19,077 நோயாளிகளை மூன்று காலகட்டமாகப் பிரித்துப் பார்த்தது. ஐந்து வருடத்துக்குள் இதயத்தால் இறந்தவர்கள் 1991-96-ல் 9.8 சதவீதம், 1997-2002-ல் 7.4, 2003-08-ல் 6.6. இதயம் அல்லாத காரணத்தால் இறந்தவர்கள் 7.1, 8.5, 11.2. புற்றுநோய், நுரையீரல், சிறுநீரகம், தொற்று. கடைசிக் காலகட்டத்தில் இதயம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. கேத் லேப்புக்கு வருகிறவர்களுக்கு இப்போது வயது அதிகம், கூடவே நாலு நோய். ஸ்டென்ட் வைத்த பிறகு இதய டாக்டரிடம் மட்டும் போய்விட்டு, நாள்பட்ட இருமலையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் கவனிக்காமல் விடுவது இன்றைய பெரிய ஓட்டை.

விலை குறைந்ததால் தரம் குறைந்துவிட்டதா?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது: சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து ஸ்டென்ட் 29,600 ரூபாய், வரி தனி. அதற்கு முன் ஒன்றரை லட்சம்வரை பில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அதே டப்பா, அதே ஸ்டிக்கர். சூரத் ஸ்டென்டை ஐரோப்பாவில் 1,435 பேருக்கு வைத்து, பெயர்பெற்ற வெளிநாட்டு ஸ்டென்டோடு ஒப்பிட்டதில் சளைத்ததில்லை என்று 2019-ல் தெரிந்தது. விலையை வைத்துத் தரத்தைக் கணிக்காதீர்கள். குழாய்க்குள் அல்ட்ராசவுண்டோ ஓசிடியோ (ஒளியால் உள்ளே படமெடுக்கும் முறை) விட்டுப் பார்த்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். சிக்கலான அடைப்புகளில் அது தரும் பலன், கம்பெனி மாற்றுவதால் வரும் பலனைவிடப் பெரிது. கொரியாவில் 1,639 பேரை வைத்துச் செய்து 2023-ல் வெளியான ஆய்வில், அப்படிப் பார்த்து வைத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் குழாயில் கோளாறு வந்தது. எக்ஸ்ரே படத்தை மட்டும் நம்பியவர்களில் 12.3.

"98 சதவீத வெற்றி" என்று விளம்பரம் செய்கிறார்களே?

அந்த வெற்றிக்கு அர்த்தம், குழாய் திறந்தது, ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்வரை பெரிய அசம்பாவிதம் இல்லை என்பது மட்டுமே. வீட்டுக்குப் போனபின் என்ன ஆனது என்று பெரும்பாலும் யாரும் போன் செய்து கேட்பதில்லை. யாரை மேசையில் ஏற்றினார்கள் என்பதும் முக்கியம். பிபி விழுந்து அதிர்ச்சி நிலையில் வரும் மாரடைப்பு நோயாளிகளில், ஸ்டென்ட் வைத்தாலும் 100-க்கு 40 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களை ஏற்றாத ஆஸ்பத்திரியின் சதவீதம் தானாகவே பளபளக்கும். நியூயார்க் மாநிலம் டாக்டர் வாரியாக இறப்புக் கணக்கை வெளியிட்டபோது, மோசமான நோயாளிகளைத் தொடவே டாக்டர்கள் தயங்கினார்கள். கடைசியில் அதிர்ச்சி நிலை நோயாளிகளை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

இன்றைய ஸ்டென்ட்களோடு எடுக்கலாம். ஸ்டென்ட் அட்டையைக் காட்டுங்கள்.

ஸ்டென்ட் அட்டையா? எங்களுக்குத் தரவில்லையே.

கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், ஒன்று உங்களுக்கு. அதில் கம்பெனிப் பெயர், லாட் நம்பர், 3.0 X 28 போல இரண்டு எண்கள்: முதலாவது குறுக்களவு, இரண்டாவது நீளம், மில்லிமீட்டரில். எந்தக் குழாயில் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், நடுராத்திரியில், என்னைப் போல ஒருவர் மேசைப் பக்கம் நின்றுகொண்டு "ஏற்கனவே எங்கே வெச்சிருக்கு?" என்று கேட்கும்போது, மடித்துப் பர்ஸில் வைத்த அந்தத் துண்டு அட்டையை எடுத்து நீட்டுகிறவர்களுக்குச் சட்டென்று வேலை நடக்கிறது. அட்டையையும் ஆஞ்சியோ சிடியையும் போனில் படமாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; சிடி போடும் கம்ப்யூட்டர் இப்போது எங்கள் லேப்பிலேயே ஒன்றுதான் இருக்கிறது.